தானாக மறையும் சாவி

தாளாளர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். மெஷின் பக்கமே போகாமல் மெஷின் வேலை முழுவதையும் கற்றுக்கொள்ளலாம் என்று ஊருக்குச் சொன்னீர்கள். அதையும் உங்கள் முகத்தைக் காட்டிச் சொல்லவில்லை. என் முகத்தைக் காட்டிச் சொன்னீர்கள்.

காந்திபுரத்தில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில், ஒரு ஜவுளிக்கடைப் பலகைக்கும் ஒரு லாட்ஜ் பலகைக்கும் நடுவில் அந்த ஃபிளெக்ஸ் இருந்தது. நான் தலையில் மாய உலகம் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் காற்றில் நீட்டி, வாயைப் பிளந்து நிற்கிறேன். கண்ணை ஹெட்செட் மறைத்துவிட்டது. மூக்கும் வாயும்தான் தெரியும். அப்படியும் என் அப்பா கண்டுபிடித்துவிட்டார். அவர் டவுன் பஸ் கண்டக்டர். ஒவ்வொரு நடையிலும் அந்த இடம் வந்ததும், "அந்தா மேல பாருங்க, எம் பொண்ணுங்க" என்று முன்சீட்டுக்காரர்களிடம் காட்டுவாராம். "ஏனுங்க, பாப்பாவுக்குக் கண்ணு ஆபரேசனுங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். அதையும் வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

அந்தப் பலகையைப் பார்த்து ஓர் அம்மா தன் பெண்ணை உங்கள் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். எங்கள் தேவாலயப் பங்குக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ படிக்கிற எடம்னுதான் கண்ணு சேத்துப்போட்டேன்" என்றார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். அந்தப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறாள். எங்கள் காலத்தில் இல்லாத ஏற்பாடாக, அடுத்த மாதம் முதல் முறையாக ஒரு நிஜப் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போகிறாள். நான் இதை எழுதுவது அவளுக்காக.

நான் ஹெட்செட்டுக்கு எதிரி இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் புதுசு பிடிக்காதவள் என்று சொல்லி என்னைத் தள்ளிவிடுவீர்கள்.

என் முதலாம் ஆண்டில் ஹெட்செட் இல்லை. ஒரு பெரிய கூடமும், இரும்பைச் சுழற்றிக் கடையும் ஆறு லேத் மெஷினும் இருந்தன. வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள். லேத்தைச் சுற்றிப் பையன்கள் நிற்பார்கள், அவர்களைச் சுற்றி நாங்கள் நிற்போம். "நீங்க ரெக்கார்டு எழுதுங்கம்மா, பொண்ணுங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்பார் துறைத் தலைவர். அந்த வருடம் முழுவதும் நான் லேத்தைத் தொட்டது ஒரே ஒரு நாள்தான், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். துடைத்தேன், சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். கிறிஸ்தவப் பெண் வைத்தால் சாமி கோவித்துக்கொள்ளுமா என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். "ஓட்டத்தான் விடமாட்டீங்க, பொட்டாவது வெச்சுக்கறேன்" என்றேன்.

இரண்டாம் ஆண்டில் ஹெட்செட் வந்தது. ஆளுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று. அதை மாட்டிய முதல் நாள் நான் ஒரு கியர் பெட்டிக்குள் போய் நின்றேன். பெட்டி ஒரு வீடு அளவுக்கு இருந்தது. பற்கள் ஒவ்வொன்றும் என் உயரம். ஒன்று இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு என் தோளை ஒட்டிப் போயின. இரண்டு மாதமாகக் கரும்பலகையில் புரியாதது இரண்டு நிமிடத்தில் புரிந்தது. இரும்பைச் சீவும் டூலை உடைத்தேன். திரும்ப உடைத்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் தெரியக்கூட இல்லை. ரெக்கார்டு நோட்டை யாரும் என் கையில் திணிக்கவில்லை. அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை. படிப்பு இப்படியும் இருக்கலாமா என்று அன்றுதான் நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணத்தில் மாற்றம் இல்லை.

அடுத்த மாதம் லேத்துகளை லாரியில் ஏற்றினீர்கள். கூடத்தில் கார்ப்பெட் விரித்தீர்கள், ஏ.சி. போட்டீர்கள், செருப்பை வெளியே விடச் சொன்னீர்கள். ஒரு லேத்தை மட்டும் வாசலில் நிறுத்திப் பச்சைப் பெயிண்ட் அடித்து, சுற்றிக் கயிறு கட்டினீர்கள். தொட வேண்டாம் என்று ஒரு அட்டை மாட்டினீர்கள். வரும் பெற்றோர் அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஹெட்செட்டில் நான் நாற்பது ஜாப், அதாவது நாற்பது உருப்படி கடைந்து முடித்தேன். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். அதனால்தான் ஃபிளெக்ஸுக்கு என்னைப் பிடித்தீர்கள்.

டிப்ளமோ முடித்ததும் சிங்காநல்லூரில் ஒரு பட்டறைக்கு அப்ரண்டிஸ் கேட்டுப் போனேன். பம்பு உதிரிகள் செய்கிற இடம். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும், தோட்டம், பட்டறை இரண்டையும் பார்க்கிறவர். அங்கே ஒரு வழக்கம். புதிதாக வருபவரைப் பரிசோதிக்கும்போது முதலாளி மெஷின் பக்கம் நிற்கமாட்டார். சுவரோரம் போய் மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அங்கிருந்தே பார்ப்பார். அப்போது எனக்கு அது ஏன் என்று தெரியாது. சாய்ந்து நிற்கிறார் என்று நினைத்தேன்.

கம்பியைச் சக்கில் வைத்தேன். சக் என்பது சுழலப்போகிற பொருளை மூன்று தாடைகளால் கவ்விப் பிடிக்கும் பகுதி. அதை இறுக்க ஒரு சாவி உண்டு, கைப்பிடி வைத்த கனமான இரும்புச் சாவி. இறுக்கினேன். டூலை வைத்தேன், உயரம் பார்த்தேன். எல்லாம் சரி. லீவரைத் தூக்கினேன். எதுவும் ஓடவில்லை.

திரும்பி அவரைப் பார்த்து, "கரண்ட் போயிருச்சுங்க" என்றேன்.

பட்டறை முழுக்கச் சிரிப்பு. பக்கத்து மெஷின்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வெர்னியர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"கரண்ட் போகலீங்க அம்மணி" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவே இல்லை. "உங்க மூஞ்சிதான் போகப் பாத்துச்சு. லீவரை எறக்கிப்போட்டு, சக்கைப் பாருங்க."

பார்த்தேன். சாவி சக்கிலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் மெயினை அணைத்திருக்கிறார். மெஷின் ஓடியிருந்தால் அந்த இரும்பு பறந்து வந்திருக்கும். என் முகம் அதற்கு நேராகத்தான் இருந்தது.

"எத்தனை ஜாப் ஓட்டியிருக்கறீங்க?"

"நாப்பதுங்க."

"கையைக் காட்டுங்க."

காட்டினேன். என் உள்ளங்கை பூப்போல இருந்தது.

"நாப்பது ஜாப் ஓட்டுன கையாங்க இது?" என்றார் பக்கத்து மெஷின்காரர். "எங்கூட்டு அம்மணி தோசைக்கரண்டி புடிச்ச கையே இதைவிடக் காச்சிருக்குமுங்க."

தலையில் மாட்டி ஓட்டியதைச் சொன்னேன். முதலாளி சிரிக்கவில்லை. "டூல் உயரம் மொதத் தடவையிலயே சரியா வெச்சீங்க. மூணு வருசக்காரனே தடுமாறுவான். அது நல்லா சொல்லிக்குடுத்திருக்காங்க. ஆனா சாவியை ஏனுங்க வுட்டீங்க?"

 வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் கல்லூரிக்குப் போய் ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. அந்த உலகத்தில் சக்கை இறுக்கிவிட்டுக் கையை விட்டால், சாவி தானாகவே மறைந்து சுவரில் உள்ள கொக்கிக்குப் போய்விடுகிறது. 'டிங்' என்று ஒரு சத்தம் வேறு. நாற்பது ஜாப்பிலும் நான் ஒரு முறைகூடச் சாவியை எடுக்கவில்லை. கையை விரிக்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

துறைத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"ஆமா, போட்டு எடுக்க நேரம் ஆகுதுன்னு ஹெட்செட் கம்பெனிக்காரங்க அப்படி வெச்சிருக்காங்க. பீரியட் நாப்பத்தஞ்சு நிமிசந்தானே."

"சார், இது தப்பு சார். மாத்தச் சொல்லுங்க."

"நீ கவனமா இருந்திருக்கோணும் கண்ணு. மெசின்னா கவனம் வேணுமல்ல?"

எந்த மெஷின் சார்? வாசலில் கயிறு கட்டி நிற்கிறதே, அதுவா? அன்று இதைக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

பட்டறைக்குத் திரும்பப் போனேன். வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குத்தான் போனேன். "சம்பளம் வேண்டாங்க, கரண்டும் வேண்டாங்க. சாவியைப் போட்டு எடுத்துப் பழகிக்கிறேன்" என்றேன். முதலாளி ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு லேத்தைக் காட்டினார். "மெயினைப் புடுங்கிப்போட்டேன். பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பழகுவது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். சாவியைப் போட்டேன், இறுக்கினேன், எடுத்தேன். நினைவு வைத்துக்கொண்டு செய்யும்போது சரியாக வந்தது. பத்தாவது தடவை மனம் எங்கோ போனது, கை தானாக விரிந்தது. சாவி சக்கிலேயே நின்றது. சுற்றி இத்தனை இரைச்சலுக்கு நடுவில் என் காது அந்த 'டிங்' சத்தத்துக்குக் காத்திருந்தது.  புத்திக்குத் தெரிந்துவிட்டது, கைக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் ஆனது. பக்கத்து மெஷின்காரர் தினமும் போகிற போக்கில், "அம்மணி, சாவி எங்கீங்க?" என்று கேட்பார். கையில் தூக்கிக் காட்டுவேன். ஒரு நாள் அவர் கேட்பதற்கு முன்பே தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு முதலாளி கரண்ட் கொடுத்தார். அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொண்டார். பத்து மாதம் ஆகிறது. இப்போது என் கை காய்த்திருக்கிறது.

போன வாரம் உங்கள் துறைத் தலைவர் ஒரு போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். இந்த வருட அட்மிஷனுக்குப் புது ஃபிளெக்ஸாம். நான் லேத் முன்னால் நிற்க வேண்டுமாம். சரி, நிற்கிறேன் என்றேன். அப்போது பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்தார்.

"இதை மாட்டிக்கிட்டு லேத் மேல கை வை கண்ணு. பழசும் புதுசும் சேந்தாப்ல இருக்கும்."

"மெசின் ஓடிட்டிருக்குதுங்க சார்."

"ஓடட்டும். சும்மா போஸ்தானே?"

முதலாளி அந்தப் பக்கம் நின்றார். நடந்துபோய் மெயின் சுவிட்சில் கை வைத்தார்.

"சார், நீங்க மாட்டிக்குங்க" என்றேன். "மாட்டிக்கிட்டு, சக்கை இறுக்கி, சாவியை எடுத்து எங்கிட்டக் குடுங்க. குடுத்துட்டா நான் போஸ் குடுக்கறேன். ரெண்டாம் வருசப் பொண்ணுக அடுத்த மாசம் பட்டறைக்கு வாராங்க. சக்குல வுட்ட சாவி மூஞ்சிக்குப் பறக்குமுங்க. அவங்க ஹெட்செட்டுலயாவது அதை மாத்திட்டீங்களா?"

"அது கம்பெனிக்காரங்க வேலை" என்றார். ஹெட்செட்டைப் பைக்குள் வைத்தார். போட்டோகிராபர் மட்டும் போகும்போது என்னிடம், "நெசமாலுமே பறக்குமாங்க?" என்று கேட்டார்.

அன்று மாலை நீங்களே போன் செய்தீர்கள். உன் கவனக்குறைவுக்குக் கல்லூரி என்னம்மா செய்யும் என்றீர்கள். வேறு யாரும் புகார் சொல்லவில்லை என்றீர்கள். எப்படிச் சொல்வார்கள்? என் வகுப்பில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப்பேருக்கு எதிரே சுவிட்சில் கை வைத்து யாரும் நிற்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டீர்களா? கடைசியில், சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் வந்து நல்லபடியாக நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் எங்கே முற்றியது தெரியுமா? அந்த மாய உலகம் ஒன்றே ஒன்றை மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கும். அங்கே சாவியைச் சக்கில் விட்டுவிட்டு லீவரைத் தூக்கியிருந்தால், அது பறந்து வந்து என் முகத்தில் மோதியிருக்கலாம். நான் அலறிக்கொண்டு ஹெட்செட்டைக் கழற்றியிருப்பேன். முகத்தைத் தடவிப் பார்த்திருப்பேன். மூக்கு இருந்திருக்கும், கண் இருந்திருக்கும். அதற்கப்புறம் சாகும்வரை என் கை சாவியை விட்டிருக்காது. அடிபட்டும் முழுசாக வீட்டுக்குப் போகக்கூடிய ஒரே பட்டறை அதுதான். அந்த ஒரு நல்லதையும் பீரியட் நேரத்துக்காகப் பிடுங்கி எறிந்துவிட்டு 'டிங்' வைத்திருக்கிறீர்கள். கூடவே நிஜ லேத்தையும் விற்றுவிட்டீர்கள். ஒன்று இருந்திருந்தால்கூட இன்னொன்றின் தப்பைத் திருத்தியிருக்கும்.

எங்கள் பங்கைச் சேர்ந்த அந்த அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதை ஏன் கண்ணு போன வருசமே சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். "எந் தப்புதாங்கம்மா" என்றேன். என் பங்குக்கு நான் பதில் சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை வருகிறேன். என் நாலு வார்த்தை நேரத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஹெட்செட்டை மாட்டுங்கள். நீங்கள் பார்ப்பது பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியட்டும். சக்கை இறுக்குங்கள், கையை விடுங்கள். பிறகு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் இருக்கும் அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளை இப்படியே பட்டறைக்கு அனுப்பப்போகிறீர்களா, இல்லையா? கம்பெனிக்காரர்கள், துறைத் தலைவர், கவனக்குறைவு என்று யாரையும் இழுக்காமல், மைக்கைப் பிடித்து அவருக்குப் பதில் சொல்லுங்கள்.