பொண்ணுக்கு என்ன வேணும்?

எனக்குப் பிரான்ஸில் ஒரு மச்சினன் இருப்பதாக எங்கள் தெருவில் சொல்லி வைத்திருந்தேன். பஞ்சாபில் ஒரு சித்தப்பா குடும்பமும் உண்டு. தலைப்பாகை கட்டிய சித்தப்பா. கேட்பவர்கள் நம்பவேண்டுமே என்று, அவர் இளவயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே பெண் கட்டிக்கொண்டு தங்கிவிட்டதாக ஒரு வரலாறும் கொடுத்தேன். நிறையப் படித்தவன் பொய் சொன்னால் இப்படித்தான், கிளைக்கதைகள் சேர்ந்துவிடும்.

எங்கள் தெரு சித்தன்னவாசல் போகும் சாலையை ஒட்டியது. மகனுக்காக மாடியில் இரண்டு அறைகள் கட்டினேன். அவன் சிங்கப்பூர் போய்விட்டான். "சும்மாதானேப்பா கெடக்குது" என்று அங்கிருந்தபடியே அறை வாடகைக்கு விடுகிற ஒரு ஆப்பில் படத்தோடு பதிந்துவிட்டான். குகை ஓவியம் பார்க்க வருகிறவர்கள் ஓரிரு நாள் தங்கிப் போக ஆரம்பித்தார்கள்.

மாடி சும்மா கிடக்கிறது என்பது சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் தெரிகிற காட்சி. தெருவில் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்றாலும் வெளியூர்க்காரர்கள் படுப்பது அங்கேதான். அனுமதியெல்லாம் யாரும் கேட்பதில்லை. சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெருவுக்கே தெரியும். விருந்தோம்பலைப் பற்றி இரண்டு மணி நேரம் மேடையில் பேசக்கூடியவன் நான். நிஜமாக விருந்தாளி வந்தால் அந்த இரண்டு மணி நேரமும் கடைவீதியில் இருப்பேன். என் மாடிக்குக் கிடைத்த நல்ல பெயர் முழுக்கத் தெருவின் உழைப்பு.

முதல் கார் வந்து நின்றபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். வீட்டோடு சேர்ந்தாற்போல மாவு மில் நடத்துபவர். புருஷன் கத்தாரில் டிரைவர்.

"வந்திருக்கவங்க ஒங்களுக்கு என்ன வேணும் தம்பி?"

எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால் என்ன உறவு என்று அர்த்தம். வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், தெரு புழங்கிய இடத்தைக் காசுக்குப் பூட்டிவிட்டேன் என்று நானே அறிவித்ததாகிவிடும். "சொந்தக்காரங்கக்கா" என்றேன். அப்புறம் வந்தவர்களையெல்லாம் சொந்தமாக்க வேண்டியதாயிற்று.

தெருவும் பொறுத்துப் போனது. தண்ணீர் லாரி திரும்புகிற முக்கில் கார் நின்றால், மில்லிலிருந்து ஆள் அனுப்பி நகர்த்தச் சொல்வார்கள். பஞ்சாப்காரர் ஊரணியில் இறங்கி நீச்சலடித்த அன்றும் அக்கா என்னிடம் சத்தம் போடவில்லை. "ஒங்க சித்தப்பாகிட்டச் சொல்லுங்க தம்பி, அது குடிக்கிற தண்ணின்னு" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாக உச்சரித்தமாதிரி இருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த நிலையில் அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீடு மணமேல்குடிப் பக்கம். மாப்பிள்ளையின் பெரியப்பா மரியாதையில் ஒரு நூல் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவர். நிச்சயதார்த்தத்தில், காபி ஆறிப்போயிருந்ததற்கு ஒரு மணி நேரம் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். அக்கா புருஷனுக்குக் கத்தாரில் லீவு கிடைக்கவில்லை. "ஆம்பள இல்லாத வீட்டுல எவன் பொறுப்பா நின்னு கவனிப்பான்" என்று அங்கிட்டு யாரோ பேசியது இங்கிட்டு வந்து சேர்ந்திருந்தது. ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் அக்காவுக்கு மூச்சாக இருந்தது.

"தம்பி, மண்டபத்துல ஒரு ரூம்தான். மாப்ள வீட்டுப் பெரியவங்கள ஒங்க மாடியில தங்க வச்சுருவம். ஒங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தாலும் பரவால்ல. ரெண்டு ரூம் இருக்குல்ல? சொந்தம்னா கொஞ்சம் ஒதுங்கிக்க மாட்டாங்களா?"

அந்தத் தேதிக்குப் பெங்களூரிலிருந்து மூன்று பேர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார்கள். அவர்களை ரத்து செய்திருக்கலாம். ஆனால் ஆப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் அப்போதுதான், நல்ல வீட்டுக்காரர் என்று ஒரு சின்னப் பதக்கம் முளைத்திருந்தது; ரத்து செய்தால் அது போய்விடும். பள்ளிக்கூடத்திலிருந்து எதிலும் பதக்கம் வாங்காதவனுக்கு அதை விட மனம் வரவில்லை. "பார்த்துக்கலாம்க்கா" என்றேன். தமிழில் ஒன்றுமே செய்யப்போவதில்லை என்பதை இவ்வளவு பொறுப்பாகச் சொல்ல வேறு வார்த்தை கிடையாது.

பெங்களூர்க்காரர்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஒரு இளம் தம்பதி, கூட அவர்களுடைய தோழி. தோழிக்கு மட்டும், அம்மாவிடம் கேட்டுப் பழகிய அளவில், தமிழ் வரும். மத்தியானத்துக்குள் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். மத்தியானம் போய்விட்டது. சாயங்காலம் சொல்லலாம் என்று தண்ணீர் கேன் வாங்கக் கடைவீதிக்குப் போனேன். "ஏங்க, போன்ல சொன்னாக் கொண்டாந்து போடுவான்ல" என்றாள் மனைவி. காதில் விழாதவன்போல நடந்தேன்.

திரும்பி வந்தால் வாசலில் மணமேல்குடி வேன். தோளில் கேனோடு படியேறினேன். மாடி வராந்தாவில் இருந்த ஒரே நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே தலைக்குக் குளித்த ஈரத்தோடு அந்தத் தோழி. மணப்பெண் வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டு அவர் முறையாக விசாரித்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்மா?"

பெண்ணாகிய தனக்கு என்ன வேண்டும் என்று பெரியவர் அன்பாகக் கேட்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம் அங்கிள்" என்றாள் சிரித்தபடி.

கல்யாண வீட்டில் உறவு கேட்கும்போது இப்படிப் பதில் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியப்பாவின் முகம் மாறியது. எனக்குப் பின்னாலேயே காபி பிளாஸ்க்கோடு ஏறிவந்த அக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா இது? பொண்ணுக்கு ஒண்ணும் வேணாங்குது. மொத நாளே ஒட்டு இல்ல, ஒறவு இல்லங்குறீங்களா?"

அக்கா பிளாஸ்க்கைத் தரையில் வைத்தார். அவர் என்னைப் பார்த்தார். மச்சினி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் மனதில் ஓடியது. அதற்குள் அந்தப் பெண்ணே, "நாங்க ஆப்ல புக் பண்ணோம் அங்கிள்" என்றாள்.

"ஆப்புலயா?" என்றார் பெரியப்பா. அவருக்குத் தெரிந்த ஆப்பு வேறு. எனக்கும் அந்த நேரத்தில் அதுதான் பொருத்தமாகப் பட்டது.

கேனை இறக்கி வைத்தேன். "அக்கா மேல தப்பு இல்லைங்க. மாடிய நான்தான் வாடகைக்கு விட்டிருக்கேன். தெருவுல சொந்தம்னு பொய் சொல்லிட்டேன். அவங்களுக்கும் தெரியாது, இந்தப் பிள்ளைங்களுக்கும் தெரியாது."

அந்தப் பெண்தான் முதலில் புரிந்துகொண்டாள். கூட வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, "கல்யாணத்துக்கு வெச்ச ரூமா? சாரி அங்கிள், நாங்க லாட்ஜ் பாத்துக்கறோம்" என்று பையை எடுத்தாள்.

பெரியப்பா எழுந்து நின்றார்.

"எங்கிட்டும்மா போறீங்க? நாங்க வந்து ஒங்கள வெளிய அனுப்புனோம்னு ஊர்ல பேசவா? பைய வைங்க. எங்களுக்கு ஒரு ரூம் போதும். நாளைக்குக் கல்யாணத்துல சாப்புட்டுட்டுத்தான் போகணும்." பிறகு அக்காவிடம் திரும்பி, "நீ ஏம்மா பயப்படுற? காபிய ஊத்து, ஆறிறப் போவுது" என்றார்.

அவர் இவ்வளவு நாளும் ஆறிய காபிக்குக் காட்டிய ரோஷம், இப்போது அக்காவின் பக்கம் வந்து நின்றது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊற்றினார். பெங்களூர்க்காரர்களுக்கும் ஊற்றினார். எனக்கு வரும்போது பிளாஸ்க் காலி.

மறுநாள் பந்தியில் அந்த மூன்று பேரும் முதல் வரிசை. "இதுதான், பொண்ணுக்கு ஒண்ணும் வேணாம்னு சொன்ன புள்ள" என்று பெரியப்பா மண்டபம் முழுக்க அறிமுகம் செய்து வைத்தார். போட்டோவில்கூட மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஊருக்குப் போய் அவர்கள் எழுதிய மதிப்புரையில் தெருவுக்கும் சாப்பாட்டுக்கும் ஏகப்பட்ட புகழ். என்னைப் பற்றி, வீட்டுக்காரர் எப்போதும் எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வரி.

இப்போது முகூர்த்த நாட்களில் மாடியை ஆப்பில், வாடகைக்கு இல்லை என்று, அடைத்துவிடுகிறேன். எந்தெந்த நாள் என்று அக்காதான் மில் காலண்டரைப் பார்த்துச் சொல்வார். கார்கள் மில் வாசலில் நிற்கின்றன. ஊரணிப் படியில், குளிக்கக்கூடாது என்று ஆங்கிலத்திலும் எழுதியாயிற்று. சாவி பழைய ஆணிக்கே வந்துவிட்டது.

மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த பிறகு, அக்காவிடம் முறையாக மன்னிப்புக் கேட்க மில்லுக்குப் போனேன். கையில் கோதுமைத் தூக்கு, ஒரு சாக்குக்காக.

"சொந்தம்னு பொய் சொன்னது தப்புத்தான்க்கா."

"அது மொத கார் வந்தப்பவே தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா, சொந்தம்னா ஒதுங்கிக்குவாங்கன்னு சொன்னீங்க?"

"அப்பவாச்சும் நீங்களா வாயத் தெறப்பீங்கன்னு பாத்தேன். எங்க?"

பஞ்சாப் சித்தப்பாவுக்கு நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்த வரலாறு நினைவுக்கு வந்தது. "அப்படி எதுலக்கா சந்தேகம் வந்துச்சு?" என்றேன்.

அக்கா மில்லை நிறுத்தினார். மாவுக்குக் காத்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒங்க வீட்டுக்கு என்னைக்குத் தம்பி சொந்தக்காரங்க வந்து தங்கியிருக்காங்க?"