எட்டுப் பக்கத்தில் இல்லாத 'ஆகவே'

எழுபதுகளின் தொடக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியை. ஒன்பது வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் நிலத் தகராறுதான் கதை. நானூறு பக்கம் தாண்டியும் முடிகிற வழியைக் காணோம். வாய்க்கால் வர்ணனை மட்டும் நாற்பது பக்கம் இருந்தது.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் ஓர் அம்மாள், கணவர் குத்தகைக்கு உழுத ஆறு மா நிலத்தை, அவர் காலமான பின்னும் தானே சாகுபடி செய்துவந்தார். அறுவடையானதும் நிலத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, ஒரு மனு எழுதிக் குடுங்க டீச்சரம்மா" என்று வந்து நின்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காவிரியில் தொடங்கி அவர் கண்ணீரில் முடித்து, எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா இரண்டு பக்கம் புரட்டினார். "இதுல என்னம்மா கேக்குறீங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனு வாங்க அன்றுதான் கடைசி நாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொடுத்தவள் நான்.

வாசலில் மனு எழுதும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முத்துப்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். எட்டுப் பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். சிரிக்கவில்லை, அதற்கே பெரிய மனசு வேண்டும்.

"தமிழ் நல்லா இருக்கு டீச்சர். ஆனா 'ஆகவே' எங்க?" என்றார்.

நான் விழித்தேன். அவர் ஒரு தாளை எடுத்து, மேலே முக்கால்வாசி இடம் விட்டு, அடியில் 'ஆகவே' என்று எழுதினார். "நான் இதைத்தான் மொதல்ல எழுதுவேன். என்ன வேணும்னு இங்க தெரிஞ்சிடணும். மேல எழுதுற ஒவ்வொரு வரியும் இங்க வந்து சேரணும். சேராததை அடிச்சிடுவேன்."

பிறகு அந்த அம்மாளிடம், "என்னம்மா வேணும்?" என்றார்.

"எம் பேரு பதிவாகணும்."

எழுதிக்கொண்டார். "வெளிய போகச் சொல்றது யாரு? எட்டுப் பக்கத்துல அந்தப் பேரே இல்லையே."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

"எங்க பெரியப்பா" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி, "எழுதலாமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"எழுதுங்க."

ஒரே பக்கம். அதைப் படித்ததும் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மனுவை அன்றே வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிந்து அந்த அம்மாளின் பெயரும் பதிவாயிற்று. பெரியப்பா வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மனு கொடுத்த அந்த வாரமே நாவலை எடுத்துப் பார்த்தேன். நானூறு பக்கத்தில் நிலம் பறிபோகிறது, ஆனால் பறிப்பவர் என்று யாருமில்லை. ஒரு புதுத் தாளின் அடியில் 'ஆகவே' என்று எழுதி, பறிப்பவர் யார் என்பதையும் எழுதிவிட்டு, அங்கிருந்து மேலே வந்தேன். நாற்பது பக்க வாய்க்காலும் போயிற்று. அடுத்த அறுவடைக்குள் நாவல் முடிந்தது.

இன்றும் எழுதுவது பாதியில் நின்றால், வார்த்தை கிடைக்காமல் நிற்கவில்லை, யாரோ ஒருவர் பெயரைச் சொல்லப் பயந்து நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.