கல்லாற்றில் போன மடிசஞ்சி

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷத்தில் ஸ்ரீவராகம் தெருவைத் தாண்டி நான் போன இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோயில், சாலைக் கடைத்தெரு, ஒரே ஒரு தடவை சங்குமுகம். சங்குமுகத்திலும் கடலில் காலை நனைக்க விடவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் புடவை வீணாகிவிடுமாம். திருநெல்வேலிப் பக்கம் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவள் நான். நடக்கத் தெரியுமுன்பே நீந்தினேன் என்று சொன்னால் அது அளப்பு. ஆனால் கொஞ்சம்தான் அளப்பு.

அந்த வருஷம் ஐப்பசியில் என் கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அவருக்கு மராமத்து இலாகாவில் ஓவர்சியர் வேலை. பொன்முடி மலை ரோட்டு வேலையை மேற்பார்க்க மூன்று வருஷம் மலையடிவாரத்துக் கல்லாற்றில் இருக்க வேண்டும், ஆற்றங்கரையில் ஓட்டு வீடு ஒன்று தருவார்கள் என்றார். சாப்பிட்டுக்கொண்டே, யாரோ தவறிப்போன சேதியைச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்கோ கையில் இருந்த ரசப் பாத்திரத்தோடு குதிக்க வேண்டும்போல இருந்தது.

"காட்டுக்கா?" என்றார் என் மாமியார். "கோயில் இல்லை, அக்ரஹாரம் இல்லை. அங்க போய் நான் எப்படிடா மடியா இருக்கறது? ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடு, கேட்டியா."

எங்கள் வீட்டில் மூன்றே பேர். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மூன்று பேரில் மாமியார் சொல்வார், நான் முணுமுணுப்பேன், என் கணவர் "பார்க்கலாம்" என்பார். அன்றைக்கும் "பார்க்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அம்மா ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வேண்டாம்னு சொல்லட்டுமே. பாக்காமலே எப்படி?"

எப்படியோ அது பலித்தது. ஞாயிற்றுக்கிழமை மூவரும் போய்ப் பார்ப்பது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை மனு எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆகக்கூடி என் தலையெழுத்து அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொங்கியது. ஆறா, அல்லது ஸ்ரீவராகத்து வீட்டின் இருட்டு ரேழியா என்பதுதான் கேள்வி.

மாமியாரின் மடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. விடியற்காலையில் குளித்துவிட்டு, முந்தின நாள் யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு சமைத்துச் சாப்பிட்டு முடிக்கிறவரை அவரை யாரும் தொடக்கூடாது. மற்றவர்கள் எல்லாரும் விழுப்பு. தெரியாமல் பட்டுவிட்டால் மறுபடி தலையோடு குளியல். எங்கள் வீட்டு ரேழி ஒடுக்கமானது. அவர் ஒரு முனையில் வந்தால் "தள்ளு, தள்ளு" என்று குரல் கொடுப்பார், நான் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்வேன். மத்தியானத்துக்கு மேல் தொட்டால் ஒன்றுமில்லை. ஆனால் காலையெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் பழகியதில் சாயங்காலமும் நாங்கள் இரண்டு முழம் தள்ளியேதான் உட்கார்ந்தோம்.

மடிப் புடவை உலர்வது கூரையை ஒட்டிக் கட்டிய மூங்கில் கழியில். நீளக் கோலால்தான் போட வேண்டும், எடுக்க வேண்டும். எவ்வளவு உயரமோ அவ்வளவு பத்திரம் என்பது அந்த வீட்டில் நான் கற்ற முதல் பாடம்.

வெளியூர் போகிறபோது அந்தப் புடவை மடிசஞ்சியில் போகும். கம்பளிப் பைதான் மடிசஞ்சி. கம்பளிக்கு விழுப்பு ஒட்டாது என்பதால் உள்ளே இருக்கிற புடவை எங்கே போனாலும் மடியாகவே இருக்கும். ரொம்ப ஆசாரம் பார்க்கிறவர்களையும் கேலியாக மடிசஞ்சி என்பதுண்டு. என் மாமியாரை அவர் முதுகுக்குப் பின்னால் நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

ஞாயிற்றுக்கிழமை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினோம். தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. சகுனம் நல்லது என்று நான் உரக்கச் சொன்னேன், இருவர் காதிலும் விழட்டும் என்றுதான். மாமியார் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். கல்லாற்றில் குளித்து, மடி உடுத்தி, சமைத்த பிறகுதான் பல்லில் எதுவும் படும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

நெடுமங்காடு தாண்டி விதுரையில் இறங்கி ஒரு காளைவண்டி பிடித்தோம். கொஞ்ச தூரம் போனதும் நான் கீழே குதித்து வண்டியின் பின்னாலேயே நடந்தேன். முந்தின நாள் மழையில் செம்மண் ரோடு நனைந்து மணத்தது. இரு பக்கமும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், பலாமரங்களில் ஏறிய மிளகுக்கொடி. ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சின்னச் சின்ன ஓடைகள் ஓடின. ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே இறங்கி நடந்தேன். ஒரு நெல்லி மரத்தைக் கண்டு, குதித்துக் குதித்து மடி நிறையப் பறித்தேன். கல்யாணமான பெண் நடுரோட்டில் குதிப்பதைப் பார்க்க அங்கே யார் இருந்தார்கள்? ஒரு கன்றுக்குட்டி பார்த்தது. அத்தனை சந்தோஷமாக இருந்தேன், சொல்லி முடியாது.

என்னைப் பார்த்து என் கணவரும் ஆசையாக இறங்கினார். பத்தடி நடப்பதற்குள் "ஐயோ!" என்று அலறினார். கணுக்காலில் அட்டை. வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவ, அது சுருண்டு விழுந்தது.

"அட்டை வேறயா?" என்றார் மாமியார், வண்டிக்குள்ளிருந்து. அந்த அட்டையை எனக்குக் கொன்றுபோட வேண்டும்போல ஆத்திரமாக வந்தது.

ஆனால் ஆற்றைப் பார்த்ததும் அட்டையெல்லாம் மறந்துபோயிற்று. உருண்டை உருண்டையாகப் பாறைகள், நடுவே கண்ணாடி மாதிரித் தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கற்களின் நிறம்கூடத் தெரிந்தது. மேலே பொன்முடி மலையில் பாதியை மேகம் மூடியிருந்தது.

"சஞ்சியை ஒருத்தர் கையும் எட்டாத எடமாப் பாத்து வை" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த புடவையோடு மாமியார் குளிக்க இறங்கினார்.

நாலு வருஷப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. வண்டிக்காரரின் நீளக் கோலை வாங்கி, அதன் நுனியில் சஞ்சியின் காதை மாட்டி, கரையோர நாவல் மரத்தில் எட்டுகிற மட்டிலும் உயரமான கிளையில் தொங்கவிட்டேன். மாமியார்கூட ஆற்றிலிருந்து பார்த்துத் தலையசைத்தார். அவரிடம் நான் வாங்கிய முதல் பாராட்டு என்று பூரித்துப்போனேன்.

அவர் இரண்டாவது முழுக்குப் போட்டு எழுந்தபோது வண்டிக்காரர் கத்தினார்.

"அய்யோ அம்மே! குரங்ஙன் சஞ்சி கொண்டு போயி!"

அண்ணாந்து பார்த்தேன். சஞ்சி மேலே ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் உயரம் என்றால் மனுஷர் கைக்கு எட்டாத இடம். காட்டில் உயரத்தில்தான் குடியிருப்பே இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. ஏழெட்டுக் குரங்குகள். ஒன்று சஞ்சியைக் கிழித்தது. ஒன்று புடவையை உருவிக்கொண்டு ஓடியது. ஒன்பது கஜமும் கிளைக்குக் கிளை தோரணம் கட்டியதுபோல விரிந்தது. ஒரு குட்டி அதன் தலைப்பில் ஊஞ்சலாடியது. என் கணவர் கல் எறிந்தார். எறிந்தார் என்பதைவிட, இந்தா என்று கொடுத்தார் என்பதே பொருத்தம். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் எதைக் கட்டிண்டுடா கரை ஏறுவேன்?" என்றார் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி.

என் கணவரும் வண்டிக்காரரும் குரங்குகளைத் துரத்திக்கொண்டு கரையோரமாக ஓடினார்கள். நான் கரையில், மாமியார் ஆற்றில். போச்சு, எல்லாம் போச்சு, நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது அவர் கால் பாசியில் வழுக்கியது. "அம்மா!" என்று கட்டின புடவையோடு குதித்து அவர் கையைப் பிடித்தேன். நேராக நின்றதும், பழக்கம் பாருங்கள், சுட்டதுபோலக் கையை விட்டுவிட்டேன்.

"ஐயோ, தொட்டுட்டேனே!"

"விடாதேடீ அசடே!" என்று அவரே என் கையை எட்டிப் பிடித்தார். "ஆத்துக்குள்ள நிக்கறப்போ ஏது மடி, ஏது விழுப்பு? இழுத்துண்டு போறது பாரு வெள்ளம். கெட்டியாப் பிடிச்சுக்கோ."

அப்போதுதான் அவரே சொல்லித் தெரிந்தது, அதுவரை அவர் ஆற்றில் இறங்கியதே இல்லை. பிறந்ததும் புகுந்ததும் எங்கள் ஊர்க் கோட்டைக்குப் பக்கத்துத் தெருக்களிலேயே. குளித்ததெல்லாம் கிணற்றடி, தப்பினால் குளத்தின் இரண்டாம் படி. அவர் கையை மெல்லப் பிடித்து, பாறைகளுக்கு நடுவே மணல் படிந்த ஒரு மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தண்ணீர் அசையாமல் நின்றது. பொடி மீன்கள் வந்து எங்கள் கால்களைக் கொத்தின. "ஏய், ஏய்" என்று அவர் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பிறகு சிரித்தார். கிளுகிளுவென்று பள்ளிக்கூடத்துப் பெண் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சத்தத்தை நான் அந்த வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை.

"உனக்கு நீந்தத் தெரியுமாமே?" என்றார். "எங்கே, அந்தப் பாறை வரைக்கும் போ பாப்போம்."

போய்த் திரும்பினேன். "இன்னொரு தரம்" என்றார். நாலு தரம் போய் வந்தேன். ஒவ்வொரு தரமும் வந்து சேர்ந்ததும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். இவரையா மடிசஞ்சி என்று சொன்னேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

என் கணவர் ஒரு முழம் கிழிந்த கம்பளியோடு திரும்பி வந்தார். "போயிடுத்தும்மா" என்றார், அழமாட்டாக் குறையாக.

"போனாப் போறது. ஈரப் புடவையும் மடியாக்கும். அடுப்பு மூட்டு, பசிக்கிறது" என்றார் மாமியார்.

சொட்டச் சொட்ட நின்றபடியே மூன்று கல்லைக் கூட்டி, கொண்டுவந்திருந்த வெண்கலப் பானையில் அரிசி உப்புமா கிளறினார். அப்பளத்தைத் தணலில் சுட்டார். வண்டிக்காரருக்கு முதலில் ஒரு இலை போட்டு, தூரத்திலிருந்து என்றாலும் நிறையவே பரிமாறினார். பிறகு நாங்கள் சாப்பிட்டோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு உப்புமா தின்றதில்லை. அடி பிடித்த காந்தலுக்கு நானும் என் கணவரும் போட்டி போட்டோம். மாற்றலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இத்தோடு கிளம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆற்றங்கரை வீட்டைப் பார்க்கப் போனோம். ஓடு ஒழுகியது, திண்டாட்டத்துக்குக் குறைவில்லாமல் மழையும் பிடித்துக்கொண்டது. வண்டியில் வரும் வழியெல்லாம் மாமியார் குளிரில் வெடவெடவென்று நடுங்கினார். முகம் இறுகிக் கிடந்தது.

விதுரையில் ஒரு கடை ஓரத்தில் பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றபோது என் கணவர் என் காதோரம் சொன்னார்.

"அம்மா மூஞ்சியைப் பாத்தியோ? நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன்."

"என்னைத் திட்டுங்கோளேன். நான்தானே சஞ்சியை மாட்டினேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் நனைந்த முகம், யாருக்கும் தெரியவில்லை. குரங்கின் மேலே, மழையின் மேலே, அந்த ஓட்டின் மேலே எல்லாம் கோபம் கோபமாக வந்தது. அந்த ஆற்றை இனிப் பார்க்கப்போவதில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அம்மாவிடமே கேட்டுவிட்டார். "அப்போ மனு குடுத்துடட்டுமாம்மா?"

மாமியார் முந்தானையைப் பிழிந்துகொண்டே பேசினார். "அந்த ஆத்துல ஒரு படி கிடையாது. பாறை வழுக்கறது. எனக்குத் தனியா இறங்கப் பயமாக்கும்."

"அதான். சரி, குடுத்துடறேன்" என்றார் இவர்.

நான் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் முடிக்கலையேடா. என்ன அவசரம்?" என்றார் மாமியார். "அங்க ஒரு நாள் பூரா ஒதுங்காம நேரா நடந்தேன். ஒருத்தரையும் தள்ளு தள்ளுன்னு சொல்லலை. வீட்டுக்கு ஓடு மாத்தச் சொல்லு. நித்தம் காலம்பற இவ என் கையைப் பிடிச்சுண்டு ஆத்துல இறங்கறதானா, நான் வரேன். அவளைக் கேளு."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றேன். இருந்தும் என்னை நேரே கேட்கக் கூச்சம், மகன் மூலமாகக் கேட்டார். நான் கையை நீட்டினேன்.

பிடித்துக்கொண்டார். பஸ் வந்து, ஏறி, உட்கார்ந்த பிறகும் விடவில்லை.