கண்ணிலா, கார்டிலா?

அச்சகத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. 'பூதக்கண்ணாடி' என்றால்தான் தெரியும். அச்சுக்குப் போகிற படங்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு எழுத்தின் வால் மயிரளவு ஒடிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததோடு விடுவாளா? அது ஏன் ஒடிந்தது என்று தெரியாமல் சாப்பிடப் போக மாட்டாள். அப்படி ஒரு பிறவி.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு மத்தியானம், சோப்புப் பெட்டிக்கான அடர் சிவப்புப் படத்தின் மேல் கடுகு இறைத்த மாதிரி பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அப்படியே இருந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓட்டுகிற மிஷின்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இந்தப் புள்ளியெல்லாம் என்னன்னு பாரு."

அவர் மூக்கு திரையில் இடிக்காத குறையாகக் குனிந்து பார்த்தார். "புள்ளியா? ஒண்ணும் இல்லையேக்கா. நல்லாத்தானே இருக்கு."

அவளுடைய அப்பாவுக்குப் பார்வை போனதும் இப்படித்தான் ஆரம்பித்தது. சுவரில் புள்ளி தெரிகிறது என்றார் மனிதர். வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை. இப்போது தண்ணீர் டம்ளர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

விஷயம் முதலாளியிடம் போனது. அச்சகத்தில் எந்த வழக்குக்கும் ஒரே தீர்ப்புதான்: காகிதத்தில் எடுத்துப் பார். எடுத்தார்கள். தாள் பளிச்சென்று வந்தது, ஒரு புள்ளி இல்லை.

"பேப்பர் பொய் சொல்லாதும்மா," என்றார் முதலாளி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா, கம்ப்யூட்டரைக் குத்தம் சொல்லாதீங்க. நல்ல கண் டாக்டராப் பாருங்க."

காகிதத்தையே நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற புத்தி இது. திரைக்குப் படம் அனுப்புகிற வீடியோ கார்டு வேறு, தாளுக்குப் போகிற வழி வேறு. கார்டு செத்தே போனாலும் தாள் சுத்தமாகத்தான் வரும். இதை அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. அவளுக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. பயத்தில் மூளை எங்கே வேலை செய்யும்?

வீட்டுக்கு வந்ததும் குளியலறையிலிருந்து சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்து, எதிரே உட்கார்ந்து வெறித்துப் பார்த்தாள்.

"அந்த வாளி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க, சோதனை நடக்குது."

வாளியில் ஒரு புள்ளியும் இல்லை. திரைச்சீலையில் இல்லை, தலையணை உறையில் இல்லை. என் கண் ஆபீசுக்குப் போனால் மட்டும் கெட்டுப்போகுமா என்று கேள்வி எழுந்தது. கேள்வி எழுந்துவிட்டால் அப்புறம் அவளைப் பிடிக்க முடியாது.

மறுநாள் காலையில் திரை சுத்தமாக இருந்தது. மத்தியானம் புள்ளிகள் வந்தன. கேபிளை மாற்றினாள், போகவில்லை. முதலாளி மேஜையிலிருந்த திரையைக் கெஞ்சி வாங்கி வந்து மாட்டினாள். அதிலும் அதே புள்ளிகள். ஆக, திரை குற்றவாளி இல்லை. மிச்சம் இரண்டே பேர்தான், ஒன்று கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிற கார்டு, இன்னொன்று அவள் கண்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். கார்டின் மேலிருந்த சின்னக் காற்றாடி காகிதத் தூசி அடைத்துச் சுற்றாமல் நின்றிருந்தது. விரலைப் பக்கத்தில் கொண்டு போனாள், இஸ்திரிப்பெட்டி மாதிரி அனல். மேஜை ஃபேனை எடுத்துக் கார்டின் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் குறைந்தன. தன் முகத்துப் பக்கம் திருப்பினாள். புள்ளிகள் கூடின. மறுபடி கார்டுக்கு, மறுபடி முகத்துக்கு. எதிரே இருந்து பார்த்தவர்கள் இவளுக்குக் கண்ணோடு சேர்ந்து வேறு ஏதோவும் போய்விட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

முதலாளி அந்த அறைக்கு வருவதெல்லாம் காலையில்தான், பெட்டி சூடாவதற்கு முன்னால். ஃபேனை அணைத்துவிட்டு, இந்த முறை மத்தியானத்தில் அவரை இழுத்து வந்தாள். மிஷின்காரரும் பின்னாலேயே வந்தார்.

"அட, ஆமா. பச்சைப் பச்சையாத் தெரியுதே," என்றார் முதலாளி. "கார்டுதான் போச்சு. நான்தான் அவசரப்பட்டு ஏதோ சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. பழைய மாடல், எங்கேயாவது தேடிப் பிடிக்கச் சொல்றேன்." சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதாள். கண் இருக்கிறது, அதைவிட என்ன வேண்டும்?

மிஷின்காரர் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"புள்ளி எங்கேக்கா இருக்கு?" என்றார் மெதுவாக.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். பெரிய புள்ளி ஒன்றின் மேல் விரலை வைத்தாள். "இதோ."

அவர் அவள் விரல் நுனியையே பார்த்தார். "எனக்குத் தெரியலக்கா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்த வேலை ஆரம்பித்தாலும் முதல் தாளை ஏந்திக்கொண்டு, 'கலர் சரியாக்கா?' என்று அவளிடம் ஓடி வருவாரே, அது மரியாதை என்றல்லவா இத்தனை காலமும் வீட்டில் பெருமையடித்தாள்.

"எப்பலேருந்துப்பா?"

"பொறந்ததுலேருந்து. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான்."

கேட்கக் கூடாதுதான், ஆனால் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. "அப்ப இந்தச் சோப்புப் பெட்டி உனக்கு எப்படித் தெரியுது?"

"மண்ணு மாதிரி." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உங்களைக் கண் டாக்டர்கிட்ட போகச் சொன்னாரு பாருங்க, அன்னைக்கு உங்களைவிட எனக்குத்தான்க்கா பயம். நீங்க சரின்னு சொல்லித்தானே நான் மிஷினையே ஓட்டுறேன்."

அவள் எழுந்து போய், முதலாளி அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"இனிமே நீ தாளைத் தூக்கிக்கிட்டு ஓடி வராதே தம்பி," என்றாள். "யாராவது கவனிச்சிருவாங்க. நானே மிஷின்கிட்ட வந்து பாக்கறேன்."