டப்பாவுக்கு நாள் பார்த்த கதை

பெருமாள் அடியார்களான பாகவதர்களுக்கு நமஸ்காரம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கூச்சப்பட்டே உயிரை விட இருந்தவன் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

போன ஆவணியில் தில்லை நகர் டாக்டர் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, காலைக்கடனில் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னார். என் அண்ணா குடல் புற்றுநோயில் போனவர். எனக்கும் வயது ஐம்பத்தெட்டு. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். குடல் பாக்டீரியாவை வைத்தே நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியும் நடக்கிறதாம். மூன்று வேளை ஸ்நானம் செய்கிறவனுக்குள் இத்தனை கோடிப் பேர் ஸ்நானமே இல்லாமல் குடியிருப்பது அன்றுதான் தெரிந்தது.

டப்பாவைத் தொட மனசு வரவில்லை. பஞ்சாங்கம் கைகொடுத்தது. முதல் நாள் ஏகாதசி, மறுநாள் துவாதசி, அப்புறம் அமாவாசைத் தர்ப்பணம். அதன்பின் அண்ணா சிராத்தம் முடியட்டும் என்றேன். அவருக்குப் பிள்ளை இல்லை, நான்தான் செய்கிறேன். மடி என்று சொன்னேனே தவிர, உள்ளே இருந்தது பயம்.

என் மனைவி கோமளம் சத்தம் போடவில்லை.

"உங்கண்ணாவும் இப்படித்தான் நாள் பார்த்துண்டே இருந்தார்."

அண்ணாவுக்கும் ஒரு டப்பா கொடுத்திருந்தார்கள். அவர் போனபிறகு அலமாரியில் மூடி திறக்காமல் கிடந்தது.

மறுநாள் துணிந்து உட்கார்ந்தேன். வரவில்லை. பயத்தில் மூன்று நாள் வரவில்லை. கோவிலுக்குப் போய்த் தன்வந்திரி சந்நிதியில் நின்றேன். பக்கத்தில் ஒருவர் பெண்ணுக்குக் கல்யாணம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டது உங்களுக்குத் தெரியும். கண்ணீர் விட்டுக் கேட்டேன். வயிற்றில் ஒரு உருட்டல். தீர்த்தம், சடாரி எதற்கும் நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

நிரம்பிய டப்பாவைப் போட அவசரத்தில் அகப்பட்டது பிரசாதப் பைதான். டாக்டரிடம் போகிற பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் பெருமாள் பிரசாதமா என்று பக்தியோடு கேட்டார். ஒரு விதத்தில் ஆமாம் என்று நினைத்துக்கொண்டு, இல்லை என்றேன்.

சோதித்ததில் ரத்தம் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்து, சுண்டைக்காய் அளவு கட்டியை அப்போதே எடுத்தார்கள்.

"இன்னும் கொஞ்ச வருஷம் விட்டிருந்தா கேன்சரா மாறியிருக்கலாங்க" என்றார் டாக்டர். கோமளம் அங்கேயே அழுதுவிட்டாள்.

இப்போது யார் வயிற்றைப் பற்றி முனகினாலும் நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். பெருமாளிடம் கேட்கக்கூடாதது என்று எதுவும் இல்லை. வெட்கப்படாமல் கேளுங்கள். அவர் டாக்டர் கையால் டப்பாவைக் கொடுத்தால் நாள் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷமும் அண்ணா சிராத்தத்தை நான்தான் செய்தேன்.