கண்ணாடியில் இரண்டு விரல் சந்து

மாமா செகண்ட் ஹேண்டில் கார் வாங்கிய வருடம் எனக்கு எட்டு வயது. அந்தக் காருக்கு அவர் மூன்று சட்டங்கள் போட்டிருந்தார். ஒன்று, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கூடாது. இரண்டு, கதவை அறைந்து சாத்தக் கூடாது. மூன்று, கண்ணாடியை இறக்கக் கூடாது, இறக்கினால் ஏசியின் ஜில்லு போய்விடும். தன் தம்பி சொல்வதை அம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை. நான் மட்டும் மூன்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணுக்குப் பூ வைக்க விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் கிளம்பினோம். சொந்தக்காரர்கள் வேனில் போனார்கள். காரில் மாமா, அம்மா, நான், தட்டு வரிசை. எங்கள் நாய் ஜிம்மி தெருமுனை தாண்டியும் விடாமல் பின்னால் ஓடிவந்தது. பைபாஸில் லாரியில் அடிபட்டுவிடும் என்று மாமா அதையும் ஏற்றிக்கொண்டார். ஏசிக்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டே வந்தது.

முதன்முதலாக நாயோடு போய் நின்றால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. அவர்கள் வீட்டுக்கு எதிரிலிருந்த புங்கமர நிழலில் காரை நிறுத்தி ஜிம்மியை உள்ளேயே விட்டார்கள். மாமா பின்கண்ணாடியில் இரண்டு விரல் சந்து விட்டுப் பூட்டினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்.

அந்தச் சந்து எனக்கு உறுத்தியது. ஏசியும் நின்றுவிட்டது, மிச்சமிருக்கும் ஜில்லும் போய்விட்டால் ஜிம்மி என்ன செய்யும்? கர்ச்சீஃபை மறந்துவிட்டேன் என்று சொல்லி மாமாவிடம் சாவி வாங்கினேன். கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, கதவை அறையாமல் சாத்தினேன்.

பெண்ணின் பெரியப்பா வந்தால்தான் தொடங்கலாம் என்றார்கள். அவர் வர ஒரு மணி நேரமாயிற்று. மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் அம்மா பூ வைக்க ஆரம்பித்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தின் நிழல் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போயிருந்தது. கார் முழு வெயிலில் நின்றது. மாமாவிடம் போய், ஜிம்மியின் தலை தெரியவில்லை என்றேன்.

அவர் எழுந்து ஓடினார். "நல்ல நேரம் போய்க்கினு இருக்குது, மாப்ள எங்க போறாரு?" என்று யாரோ கேட்டது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஜிம்மி சீட்டில் சரிந்து கிடந்தது. வாயெல்லாம் நுரை, நாக்கு கருஞ்சிவப்பு. கூப்பிட்டும் காதுகூட அசையவில்லை. மாமா அதைப் பட்டு வேட்டியோடு அணைத்துத் தூக்கிவந்து வாசலில் கிடத்தினார். பாதிப் பூ தொங்கிய தலையோடு பெண்ணே குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாய்ல ஊத்தாதீங்க. வயித்துல ஊத்துங்க, கால்ல ஊத்துங்க. யாராச்சும் விசிறிக்கினே இருங்க."

அம்மா வரிசைத் தட்டிலிருந்த பழங்களைக் கீழே கொட்டிவிட்டு அந்தத் தட்டால் விசிறினாள். நான் ஜிம்மியின் மூச்சை எண்ணினேன். நூறுக்குப் பிறகு எண்ண முடியவில்லை.

பெண்ணின் அப்பா தெரிந்த கால்நடை டாக்டரை பைக்கில் கூட்டிவந்தார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி வெகுநேரம் கழித்துத்தான் ஜிம்மி தலையைத் தூக்கி என் கையை நக்கியது. இன்னும் பத்து நிமிடம் தாண்டியிருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

கல்லூரியில் வெப்பப் பரிமாற்றம் படித்தபோதுதான் அந்தக் காரை முழுதாகப் புரிந்துகொண்டேன். வெயில் கண்ணாடி வழியே உள்ளே வந்துவிடும், உள்ளே சேர்ந்த சூடு அதே சுலபத்தில் வெளியேறாது. நாய்க்கு நம்மைப் போல் வேர்க்காது. மூச்சிரைத்தே உடம்பை ஆற்றிக்கொள்ள வேண்டும், இழுக்கும் காற்றே கொதித்தால் அதுவும் பலிக்காது. அந்த இரண்டு விரல் சந்து இருந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. நிழலை நம்பியதும் தப்பு.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. பெண்ணின் அப்பா கேட்டது மட்டும் தெரியும்.

"கண்ணாடிய இப்டி இறுக்கி ஏத்திட்டுப் போனது யாருங்க?"

நான் என் கால்விரல்களைப் பார்த்தேன்.

"நான்தாங்க," என்றார் மாமா. "ஏசி பழக்கத்துல ஏத்திட்டேன்."

பெண்ணின் பெரியப்பா சகுனம் என்று ஏதோ முனகினார். மாமாவின் நனைந்த வேட்டியைப் பெண் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "அண்ணி, மீதிப் பூவ வெச்சி விடுங்க," என்றார். நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

ஊர் திரும்பும்போது ஜிம்மி என் மடியில் தூங்கியது. சந்து விட்டதையும், சாவியை என்னிடம் கொடுத்ததையும் மாமா ஒரே நாளில் எப்படி மறந்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நான் தப்பித்ததில் நிம்மதிதான். ஆனால் இவ்வளவு மறதிக்காரருக்குப் போய்ப் பெண் கொடுக்கிறார்களே என்று கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.