பிலோமினா டீச்சரும் அந்த உப்புப் பாக்கெட்டும்

காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை பிலோமினா மாரடைப்பில் இறந்துவிட்டார். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருக்கும் கணவர் அந்தோணி இருக்க, டீச்சர் முந்திக்கொண்டார். டீச்சரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும், தலைமை ஆசிரியையான நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் மரக்காணத்தில் உப்பைக் கடையில் வாங்கும் வழக்கமில்லை. உப்பளத்தில் வேலை செய்யும் யாராவது ஒரு பை கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். அந்தோணிக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதும், சோடியம் குறைந்தது என்று பாண்டிச்சேரிக் கடையில் விற்ற பாக்கெட்டை டீச்சர் வாங்கிவந்தார். அவர் வாழ்நாளில் காசு கொடுத்து வாங்கிய முதல் உப்பு அது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருந்தது. பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றாது. அந்தோணி சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையும் அதை உடம்பிலேயே தங்க வைக்கும் வகை. இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பு தடுமாறி, அவசர டயாலிசிஸில்தான் மனுஷர் பிழைத்தார்.

வேறு யாராக இருந்தாலும் இதை மூடி மறைத்திருப்பார்கள். டீச்சர் அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “என் வீட்டுக்காரருக்கு நான்தாங்க அந்த உப்பைப் போட்டேன். கெமிஸ்ட்ரி டீச்சர் நானு. பாக்கெட்டுல பொட்டாசியம்னு எழுதியிருக்குது, படிக்கல. நீங்க படிங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசிப்போனது. அறைக்குக் கூப்பிட்டு, பள்ளி மானத்தை வாங்காதீர்கள், இனி மைக் பக்கமே போக வேண்டாம் என்றேன். அதன்பின் அவர் பள்ளியில் உப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆனால் அன்று கேட்ட ஒரு தாய், கூனிமேட்டிலிருந்து வருபவர், தன் மாமியாரின் மாத்திரைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். மாமியாருக்கும் சிறுநீரகக் கோளாறு. முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையும் அதற்குள் கிடந்தது. டீச்சர் தானாக எதுவும் சொல்லாமல் இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனார். “நாம வாயில போடுறது எல்லாத்தையும் சொன்னாத்தாம்மா டாக்டருக்குத் தெரியும்” என்றாராம். அந்த வலி மாத்திரை, இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று டாக்டர் உடனே நிறுத்தினார். இந்தக் கதையே எனக்கு டீச்சரின் சாவு வீட்டில்தான் தெரியவந்தது.

தெரிந்த பிறகாவது திருந்தினேனா? பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் தேர்ச்சி விகிதம், ஆய்வகம், நேரந்தவறாமை என்று நீட்டி முழக்கினேன். கைதட்டல் பழக்கமில்லாத கூட்டம், எல்லோரும் தலையசைத்தார்கள். முடிந்ததும் அந்தோணி, டயாலிசிஸ் ஊசி குத்திய கையை மெல்லப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“எல்லாம் நல்லா பேசுனீங்க மேடம். உப்பு விஷயத்த மட்டும் விட்டுட்டீங்க. செத்த பிறகும் அவளை வாய மூடச் சொல்றீங்களா?”

கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவர் துணிச்சலில் கொஞ்சம். வரும் பெற்றோர் கூட்டத்தில் முதலில் பேசப்போவது நான். உப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன், அதைச் சொன்னவரை யார் தடுத்தது என்று சொல்வேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.